குதிரை ஏறும் வண்டி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

எனக்கு முன் இம்மேடையில் பேசிய புலவர் பெருமக்கள் குறளையும் கம்பனையும் வாரி வழங்கிச் சென்றார்கள். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவன். மூட்டையை எடை போட்டுச் சீட்டு எழுதுவது என் தொழில். ஆகவே செயலாளர் அவர்கள் 'நீங்களும் அரை மணி நேரம் பேசத்தான் வேண்டும்' என்று பணித்தபோது, கையருகே உள்ள ஒரு பொருளையே எடுத்துக்கொண்டேன். விஜயபுரத்தில் என் அண்ணன் வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடந்த குதிரை வண்டி ஒன்றைப் பழுது பார்த்துப் புதுக்கிய வரலாறு அது.

குதிரை வண்டி என்றதும் ஜட்காவை எண்ணிவிடாதீர்கள். ஜட்காவில் குதிரை முன்னே நின்று இழுக்கும். மனிதர் உள்ளே அமர்ந்து செல்வர். நான் சொல்லும் வண்டியில் குதிரையே உள்ளே நின்று பயணம் செய்யும். முன்னே ஜீப்பு இழுத்துச் செல்லும். குதிரை டிரெய்லர் என்பார்கள். நான் இங்கே குதிரைப் பெட்டி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். இரயில்வேக்காரன் வாயில் பெட்டி என்ற சொல்தான் எளிதில் வருகிறது.

விஜயபுரத்தை அறியாத அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. சித்தூர் மாவட்டத்தில் நகரிக்கு அருகில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் அது. ஒரே திண்ணையில் தமிழும் தெலுங்கும் ஒலிக்கும். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தபோது எல்லைக்கோடு நடுவே போயிற்று. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதனால் நின்றுவிடவில்லை. திருவிழாக்களும் அப்படியே. அண்ணனுடைய குதிரைகளுக்கு அழைப்பு இரு பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிறது.

அண்ணன் என்றது என் பெரியப்பாவின் மகனை. அவரிடம் இரண்டு குதிரைகள் உள்ளன. ஒன்று வெள்ளைக் குதிரை. மற்றொன்று செவலைப் பெட்டைக் குதிரை. மாப்பிள்ளை அழைப்புக்கும், சுவாமி புறப்பாட்டின் முன்னே செல்வதற்கும் அவற்றை வாடகைக்கு அனுப்புவது அவர் பிழைப்பு. முன்காலத்தில் குதிரையை நடத்தியே கொண்டு போனார்கள். இன்றோ காலையில் ஓர் ஊர், இரவில் மற்றோர் ஊர் என்று அழைப்பு வருகிறது. தார்ச்சாலையில் லாடம் வழுக்க வழுக்க எத்தனை மைல் நடத்துவது? ஆகவே சிறு சரக்கு வண்டி ஒன்றை அமர்த்தி, அதன் இரும்புத் தளத்தில் குதிரையை நிறுத்தி, தலைக்கயிற்றை இரு பக்கமும் இறுக்கிக் கட்டி அனுப்பி வந்தார். அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வது அதுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், வைகாசி மாதத்து இரவு ஒன்றில், ஒரு வளைவில் எதிரே வந்த வண்டிக்காக ஓட்டுநர் திடீரென்று நிறுத்தினார். செவலையின் முன்னங்கால்கள் இரும்புத் தகட்டில் வழுக்கின. முழங்கால் எலும்பு தெரியக் கிழிந்தது. கால்நடை மருத்துவர் தையல் போட்டார். ஆறு வாரத்தில் புண் ஆறிற்று. அச்சம் ஆறவில்லை. எந்த வண்டியின் பக்கம் கொண்டு போனாலும் நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும், மூக்கு விடைக்கும், உடம்பெல்லாம் வேர்த்து ஒழுகும். வண்டியேறாத குதிரைக்கு இந்நாளில் பிழைப்பு இல்லை. அதற்கும் கொள்ளு வேண்டும், புல் வேண்டும். விற்றுவிடலாம் என்று அண்ணன் துணிந்தார். முழங்காலில் தழும்புள்ள, வண்டிக்கு அஞ்சுகிற குதிரையை வாங்குபவன் எதற்காக வாங்குவான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் ஒருவரும் துணியவில்லை. அண்ணியார் மட்டும், "இது பிறந்தப்போ ஈரம் துடைச்சு எடுத்தவ நான். இதை வித்தா நானும் கூடப் போறேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான், சென்னைக்கு அருகே குதிரையேற்றம் பழக்கும் ஓரிடத்தில் பழைய குதிரைப் பெட்டி ஒன்று கழித்துப் போடப்பட்டிருக்கிறது என்று அண்ணன் கேள்விப்பட்டார். பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது. லாரியில் ஏற்றிக் கொண்டு வந்து வேப்பமரத்தடியில் இறக்கினார்கள். ஒன்பது அடி நீளம், ஆறு அடி அகலம். ஒரே அச்சு, இரண்டு சக்கரம். இரண்டு குதிரை நிற்கும் இடம். ஊர்ச் சிறுவர்கள் கூடிச் சிரித்தார்கள். 'குதிரைக்கே வண்டியா?' என்று பெரியவர்களும் கேட்டார்கள்.

கேட்டவர்களுக்கு நான் சொன்ன விடையை இங்கும் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் குதிரை தொன்றுதொட்டு ஏறி வந்த குதிரைதான். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்மீது வந்திறங்கிய புரவிகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகப் பெருமான் திருப்பெருந்துறையில் தடுத்தாட்கொள்ளப்பட்ட வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்ததையும், பேணும் முறை அறிந்தார் இன்மையால் அவற்றுள் மிகப் பல ஓராண்டுக்குள் மாண்டதையும் எழுதி வைத்தார். நம் சந்திரகிரிக்கு உரியவனாகி, 1485-இல் விஜயநகர அரியணை ஏறிய சாளுவ நரசிம்மன் கதை இன்னும் வியப்பானது. ஆயிரம் பொன்னுக்கு மூன்று என்று குதிரை வாங்கிய அம்மன்னன், உயிரோடு வந்தாலும் இறந்து வந்தாலும் விலை கொடுத்தானாம். கடலில் மடிந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டு வந்து காட்டினாலும் முழு விலை பெறலாமாம். போர்த்துக்கீசியரான நூனிஸ் இதனை எழுதியிருக்கிறார். மன்னனின் வள்ளன்மையைப் புகழ்வதற்கு இதனைச் சொல்வதுண்டு. எனக்கோ, எத்தனை குதிரை வழியில் மடிந்திருந்தால் வாலுக்கு விலை பேச வேண்டிய நிலை வந்திருக்கும் என்றே தோன்றுகிறது. பார்சல் குமாஸ்தாவின் புத்தி அப்படித்தான் போகும்.

தரைவழியில் குதிரையை வண்டியேற்றிப் பெரும்பெயர் பெற்றவர் இங்கிலாந்தில் ஜார்ஜ் பெண்டிங்க் பிரபு. 1836-ஆம் ஆண்டில் எலிஸ் என்ற அவருடைய பந்தயக் குதிரை நாட்டின் தென்கோடியில் இருந்தது. வடக்கே டான்காஸ்டருக்கு நடத்திச் செல்லக் காலம் போதாது என்று எண்ணி எல்லோரும் அதற்கு எதிராகப் பந்தயம் கட்டினார்கள். பிரபுவோ உட்புறம் மெத்தை வைத்துத் தைத்த பெரிய வண்டி ஒன்று செய்வித்து, வழியெங்கும் மாற்றுக் குதிரைகளைப் பூட்டி, எலிஸை அதனுள் நிறுத்திக் கொண்டு போய்ச் சேர்த்தார். களைப்பில்லாமல் வந்திறங்கிய எலிஸ் வென்றது. குதிரையை வென்றவர் பெயர் நிலைத்தது; வண்டி இழுத்த குதிரைகளின் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

இனி நம் வண்டிக்கு வருவோம்.

அண்ணனுக்கு முதலில் வந்த எண்ணம் வர்ணம் அடிப்பது. மயில் நீலம், தங்கப் பூ, நான்கு பக்கமும் வண்ண விளக்கு, முதுகில் ஊர்ப்பெயர். திருவிழாத் தொழிலில் இருப்பவருக்கு அது இயல்பே. நான் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்தேன். உள்ளே நின்று பார்த்தால் தரையின் மேல் கனத்த ரப்பர் விரிப்பு. அழுந்தத் துடைத்தால் பளபளக்கிறது. கீழேயிருந்து பலகையைக் குத்தினால் திருப்புளி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கிற்று. குதிரையின் சிறுநீர் விரிப்பின் ஓரமாக இறங்கி, அடியில் தேங்கி, வெயில் படாமல் பல ஆண்டுகள் பலகையைத் தின்றிருக்கிறது. குறுக்குச் சட்டங்கள் ஐந்தில் மூன்று அரித்துத் தகடாகிவிட்டன. ஒரு குதிரையின் எடை முந்நூற்றைம்பது முதல் நானூறு கிலோ வரை. அந்த எடை நான்கு குளம்புகளின் வழியே இறங்குகிறது. ஓடும் வண்டியில் தரை உடைந்து கால் சாலையில் பட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வெளிநாடுகளில் அப்படி நடந்திருக்கிறது. அண்ணனைக் கூப்பிட்டு அவர் கையாலேயே குத்திப் பார்க்கச் சொன்னேன். அதன்பின் அவர் மயில் நீலத்தைப் பற்றி மூன்று மாதம் பேசவில்லை.

சட்டங்களைப் புதிதாகப் பற்றவைக்க நகரியில் விசைத்தறிப் பட்டறை ஒன்றில் ஆள் கிடைத்தார். துருவைச் சுரண்டி, சிவப்பு ஆக்சைடு இரண்டு பூச்சு பூசி, அதன்மேல் கறுப்பு. பலகைக்கு எந்த மரம் என்பதில் ஒரு விவாதம் நிகழ்ந்தது. எங்கள் பக்கத்து மலைகளில் விளையும் செம்மரத்தின் பெயரை ஒருவர் சொன்னார். சொன்ன வாயை உடனே பொத்திக்கொண்டார். அதைத் தொட்டால் குதிரை லாயம் தவிர வேறொரு கொட்டடியையும் பார்க்க வேண்டிவரும். அதன் தாயாதியாகிய வேங்கை மரத்தை முறையான மரக்கடையில் பில் போட்டு வாங்கினோம். ஈரத்துக்கு எளிதில் இளகாத மரம் அது. ஒன்றரை அங்குல கனப் பலகைகளை நீளவாக்கில் பதித்து, இடையிடையே சுண்டு விரல் நுழையும் சந்து விட்டோம். நீர் ஒழுகி ஓடிவிட வேண்டும். காற்று அடியிலிருந்து புக வேண்டும். ரப்பர் விரிப்பைத் துண்டு துண்டாக, கையால் தூக்கி வெயிலில் போடும்படி அறுத்து வைத்தோம்.

மரவேலை செய்தவர் எழுபது வயதைக் கடந்த வண்டி ஆசாரி. கட்டை வண்டிகள் ஒழிந்தபின் கதவு நிலை செய்து காலம் தள்ளுபவர். அவர் குதிரைப் பெட்டியை முன்பின் கண்டதில்லை. வந்ததும் வண்டியின் முன்மூக்கை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். பிறகு இரண்டு பேரைப் பின்பக்கம் ஏறி நிற்கச் சொல்லித் தூக்கிப் பார்த்தார். "முன்பாரம் போதாது" என்றார்.

அன்பர்களே, இந்தச் சொல்லை நான் புத்தகத்தில் பார்த்ததில்லை. மாட்டு வண்டியில் பாரம் முன்னே மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை நசுக்கும். பின்னே மிகுந்தால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். இரண்டும் இல்லாமல் நுகம் கழுத்தில் இலேசாகப் படிந்திருக்க வேண்டும். முன்பாரம், பின்பாரம் என்று நம் வண்டிக்காரர்கள் சொல்லிவந்தது அதுவே. ஜீப்பு இழுக்கும் ஓரச்சு வண்டிக்கும் அதே நியதிதான். பின்பாரம் மிகுந்த டிரெய்லர் வேகத்தில் பாம்பு போல் நெளியும்; நெளிவு மிகுந்தால் இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும். மேல்நாட்டுக் கைநூல்களில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை ஆசாரி ஒரு கையால் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிட்டார். குதிரைகள் நிற்கும் இடத்தை ஏழு அங்குலம் முன்னே தள்ளி மார்புத் தடியைப் பொருத்தியதும், நுகம் படிவது போல் கொக்கி ஜீப்பின் உருண்டைமேல் படிந்தது.

ஒற்றைக் குதிரையை ஏற்றும்போது எந்தப் பக்கம் நிறுத்துவது என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டில் இடப்பக்கம் செல்கிறோம். சாலை நடுவில் உயர்ந்து இடப்புறம் சரிந்திருக்கும். ஆகையால் ஒற்றைக் குதிரை வலப்பக்கம், ஓட்டுநர் இருக்கும் பக்கம் நிற்க வேண்டும். இல்லையேல் வண்டி சாலையோரப் பள்ளத்தை நோக்கியே சாயும்.

அடுத்து நடுத்தடுப்பு. பழைய வண்டியில் இரண்டு குதிரைகளுக்கும் இடையே தரைவரை இறங்கிய பலகைச் சுவர் இருந்தது. குதிரைக்கு அது காப்பு என்று பார்ப்பவர் நினைப்பர். உண்மை நேர்மாறானது. ஓடும் இரயிலில் நின்றுகொண்டு செல்லும்போது நாம் என்ன செய்கிறோம்? கால்களை அகட்டி வைத்துக்கொள்கிறோம். குதிரைக்கும் அதுவே வேண்டும். தரைவரை சுவர் இருந்தால் அகட்ட இடமில்லை. சுவரில் முட்டி, மிரண்டு, உதைக்கத் தொடங்கும். சுவரை எடுத்துவிட்டு, வயிற்று உயரத்தில் மூங்கில் தடி ஒன்றை நிறுத்தினோம்.

மூங்கில் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன்கீழ் 1978-இல் விலங்குகள் போக்குவரத்து விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றில் குதிரை இனத்துக்கென்று தனி அத்தியாயமே உண்டு. இரண்டு குதிரைகளுக்கு நடுவே குறைந்தது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூங்கில் தடி இருக்க வேண்டும். பின்புறம் இரண்டு உறுதியான கட்டைகள் வேண்டும். தளம் வழுக்காமல் இருக்க வேண்டும். எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதபடி குதிரையின் தலை இடப்பக்கம் நோக்கியிருக்க வேண்டும். வண்டியின் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேற்படக் கூடாது. பயணத்துக்கு முன் மருத்துவர் சான்று வேண்டும். உடன் ஓர் ஆள் இருக்க வேண்டும். லாரியில் குதிரைகள் குறுக்காக நிற்கும். ஆகவே தலை இடப்பக்கம் என்றால் பொருந்துகிறது. ஆறடி அகலப் பெட்டியில் குதிரை நீளவாக்கில்தான் நிற்க முடியும். என்ன செய்வது? வலப்பக்கத்துச் சாளரத்தைக் கண்ணுக்கு மேலே ஏற்றிவிட்டு, இடப்பக்கத்துச் சாளரத்தைக் கண்ணுக்கு நேராகத் திறந்தோம். வெளிச்சமும் காற்றும் இடப்பக்கம் வருவதால் குதிரை தானாகவே தலையை அங்கே திருப்பிக்கொள்கிறது.

இதே விதிகளில் இரயில்வேக்கான பகுதியை நான் ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். அகன்ற பாதைச் சரக்குப் பெட்டியில் எட்டு முதல் பத்துக் குதிரைகள், மீட்டர் பாதையில் ஆறு. தண்டவாளத்துக்கு இணையாக ஒன்றையொன்று நோக்கி நிறுத்த வேண்டும். தரையில் 6 சென்டிமீட்டருக்குக் குறையாத கனத்தில் வைக்கோல் பரப்ப வேண்டும். மார்புத் தடிகள் இரண்டு, ஒன்று 60 முதல் 80 சென்டிமீட்டர் உயரத்திலும் மற்றொன்று 110 சென்டிமீட்டரிலும் இருக்க வேண்டும். கடுங்கோடையில் பெட்டியின் மேல் இரயில்வேயார் நீர் தெளிக்க வேண்டும். திறந்த மேற்கதவில் நெருங்கிப் பின்னிய கம்பிவலை வேண்டும் என்றும் ஒரு விதி. எதற்கு? எஞ்சினிலிருந்து பறக்கும் நெருப்புப் பொறி வைக்கோலில் விழாமல் இருப்பதற்கு! நீராவி எஞ்சின்கள் ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆயிற்று. ஆயினும் அந்த வலையை எங்கள் பெட்டியிலும் வைத்தேன். சாலையில் பொறி பறக்காவிட்டாலும், முன்னே செல்லும் லாரியிலிருந்து அணையாத பீடித்துண்டு பறக்கத்தானே செய்கிறது? மார்புத் தடிகளின் உயரத்தையும் இரயில்வே விதியிலிருந்தே எடுத்துக்கொண்டேன். ஆபத்து நேர்ந்தால் உள்ளே போகாமல் வெளியிலிருந்தே ஆணியை உருவித் தடியை விழச்செய்யும் ஏற்பாடு மட்டும் புதிது.

2016-ஆம் ஆண்டு முதல் நடப்புக்கு வந்த மோட்டார் வாகன விதி ஒன்று, குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டர் இடம் கேட்கிறது. எங்கள் பெட்டி 54 சதுர அடி. அதாவது ஐந்து சதுர மீட்டர். இரண்டு குதிரைக்கு 4.5 போதும். கணக்குச் சரியாக வந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை என் வீட்டார் புரிந்துகொள்ளவில்லை. பதிவுச் சான்றில் கண்ட அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதால் நீளம், அகலம், உயரம், அச்சு ஆகியவற்றைத் தொடவில்லை. பெயர் மாற்றம் பெறுவதற்கு எத்தனை முறை நடந்தோம் என்பதை இந்த நல்ல நாளில் சொல்ல வேண்டாம்.

டயர்கள் பார்வைக்குப் புதியவை போல் இருந்தன. பள்ளங்கள் தேயவே இல்லை. ஓடாமல் நின்ற வண்டி அல்லவா? பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். எங்கள் டயருக்கு வயது பதினான்கு. நகத்தால் அழுத்தினால் விரிசல் வாய் திறந்தது. இரண்டையும் கழித்தோம். சக்கரத்துப் பேரிங்கில் கிரீஸ் கல்லாகியிருந்தது, அதுவும் புதிது.

பிரேக்கு விஷயத்தில் இரயில்வேக்காரன் சற்று அதிகம் பேசுவதைப் பொறுத்தருள வேண்டும். இரயிலில் பிரேக் குழாய் அறுந்தால் வண்டி ஓடாது, தானே நின்றுவிடும். கோளாறு நேர்ந்தால் நிற்பது என்பதே அதன் அமைப்பு. இந்தப் பெட்டியில் ஜீப்பு வேகம் குறையும்போது பெட்டி முன்தள்ள, அந்தத் தள்ளலே பிரேக்கை அழுத்தும் ஏற்பாடு இருந்தது. துருவில் அது உறைந்து கிடந்தது. அதைக் கழற்றிச் சீர் செய்ததோடு, கொக்கி கழன்றால் பெட்டியின் பிரேக்கைத் தானே இழுத்துவிடும் உருக்குக் கம்பி ஒன்றையும் ஜீப்போடு பிணைத்தோம். இவ்வளவு சிறிய கம்பிக்கு இவ்வளவு விலையா என்று அண்ணன் கேட்டார். நான் இரண்டு வாங்கினேன்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்துச் சித்திரை வைகாசி வெயிலை நீங்கள் அறிவீர்கள். தகரக் கூரையின்கீழ் நிற்கும் குதிரை வெந்துபோகும். பழைய உடைமையாளர் யாரோ மழைக்கு அஞ்சிக் காற்றுத் துளைகளைத் தகடு வைத்து அடைத்திருந்தார். அவற்றை மீண்டும் திறந்தோம். கூரையின்மேல் வெள்ளை வர்ணம். உள்ளே ஓரங்குலக் கனத்தில் வெப்பம் தாங்கும் பலகை. தலைக்கயிற்றை இறுக்கிக் கட்டும் வழக்கத்தையும் விட்டோம். தலையைத் தாழ்த்த இயலாமல் நெடுநேரம் நிற்கும் குதிரைக்கு மூச்சுக்குழாயில் சளி தேங்கி, நுரையீரல் நோய் வரும் என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். முழங்கால் வரை தலை இறங்கும் அளவுக்குக் கயிறு விட வேண்டும்.

இவ்வளவும் முடியத் தை பிறந்துவிட்டது. அண்ணன் செலவுக் கணக்கைக் கேட்டார். நோட்டைக் காட்டினேன். முக்கால் பங்கு பணம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் போயிருந்தது. பெருமூச்சு விட்டு, மிச்சமிருந்த பணத்தில் மயில் நீலம் வாங்கி வந்தார். அதனை நான் தடுக்கவில்லை.

ஆனால் யாருக்காக இத்தனையும் செய்தோமோ அது ஏற வேண்டுமே! முதல் நாள் செவலையைப் பின்பலகைக்கு இருபதடி தூரத்தில் நிறுத்தினோம். அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளலாம் என்றார்கள். அண்ணியார் கேட்டுக்கொள்ளவில்லை. "யாரும் கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டு, அன்று முதல் அதன் கொள்ளுத் தொட்டியை எடுத்துப் பின்பலகையின் ஓரத்தில் வைத்தார். பெட்டியின் பின்கால்களை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தோம். ஏறும்போது வண்டி ஆடக்கூடாது. பின்பலகைமேல் கயிற்றுப் பாய் விரித்துக் குறுக்குச் சட்டம் அடித்திருந்தோம். குளம்பு ஓசை எழக்கூடாது. மூன்றாம் நாள் செவலை கழுத்தை நீட்டித் தின்றது. தொட்டி நாளுக்கு ஒரு சாண் உள்ளே போயிற்று. ஏழாம் நாள் ஒரு முன்னங்கால் பலகைமேல் வந்தது. அன்று மாலை தெருவில் யாரோ வெடி போட, மறுபடியும் இருபதடிக்குப் போய்விட்டது. தொட்டியும் மீண்டும் பலகையின் ஓரத்துக்கு வந்தது. அண்ணியார் கோபிக்கவில்லை, தொட்டியையே நகர்த்திக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாளிலிருந்து வெள்ளைக் குதிரையை முதலில் ஏற்றி உள்ளே நிறுத்தினோம். பாரதப் போர் பதினெட்டு நாளில் முடிந்தது; எங்களுக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. பத்தொன்பதாம் நாள் காலையில் அண்ணியார் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தபோது ஒருவரும் அழைக்காமல் செவலை உள்ளே வந்து அவர் தோளில் மூக்கை வைத்தது. பலகையை மூடாமல் அரை மணி நேரம் அப்படியே விட்டார்கள்.

முதலில் ஊருக்குள் ஒரு சுற்று, பிறகு நகரிவரை, பிறகுதான் திருவிழா. முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போவதைப் பார்த்துப் பின்னால் வரும் பஸ்காரர்கள் வசை பாடுகிறார்கள். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டப் பழகிவிட்டார். இந்தப் பங்குனியில் அதே வளைவில் வண்டி ஒருமுறை திடீரென்று நிற்க நேர்ந்தது. இறங்கி ஓடிப் போய்ப் பார்த்தால், செவலை கால்களை அகட்டி நின்றுகொண்டு வைக்கோலை மென்றுகொண்டிருந்ததாம்.

நான் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். இரயில் பெட்டிகளின் கோடியில் பட்டறைக்குப் போய் வந்த தேதியையும், மீண்டும் போக வேண்டிய தேதியையும் எழுதியிருப்பார்கள். நீங்கள் பிளாட்பாரத்தில் பார்த்திருக்கலாம். அதே முறையில் இந்தக் குதிரைப் பெட்டியின் பின்பக்கத்திலும் வெள்ளை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். விரிப்பைத் தூக்கித் தரையைத் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டிய மாதம், கிரீஸ் மாற்ற வேண்டிய மாதம், டயர் கழிக்க வேண்டிய ஆண்டு. மயில் நீலத்தின்மேல் அது நன்றாகவே தெரிகிறது. அடுத்த தேதி ஆடி மாதத்தில் வருகிறது. கிருத்திகைக்குத் திருத்தணி போகும் அன்பர்கள் வழியில் விஜயபுரம் வந்தால், வேப்பமரத்தடியில் பெட்டி நிற்கும். அண்ணியார் மோர் கொடுப்பார். திருப்புளியும் அங்கேயே ஆணியில் தொங்குகிறது.